இடித்துப் பழகட்டும் என்று வாங்கும் கார்

"பையனுக்குப் பதினெட்டு முடிஞ்சு லைசென்ஸும் வந்தாச்சு சார். ஒண்ணு, ஒன்றரைக்குள்ள ஏதாவது பழைய வண்டி இருந்தா சொல்லுங்க. எப்படியும் நாலு இடத்துல இடிப்பான். இடிச்சுப் பழகட்டும், அப்புறம் நல்ல வண்டியா வாங்கிக்கலாம்."

இதை என்னிடம் சொன்ன தகப்பன்மார்களை எண்ணி மாளாது. பொது இன்சூரன்ஸ் கம்பெனி ஒன்றில் மோட்டார் கிளெய்ம் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால், கார் வாங்கும் பேச்சு வந்தால் தெருக்காரர்கள் என்னிடம் ஒரு வார்த்தை கேட்பார்கள். விலை நிலவரத்தை என்னைவிட புரோக்கர்கள் நன்றாகச் சொல்வார்கள். இடித்த பிறகு என்ன ஆகும் என்பதுதான் எனக்குத் தெரிந்த விஷயம். அதனாலேயே இந்த "இடிச்சுப் பழகட்டும்" எனக்கு ஒப்புவதில்லை.

பெயிண்ட் உரசல், பம்பர் கிழிசல், கேட்டில் பட்டு உடைந்த சைடு கண்ணாடி, இதற்கெல்லாம் அந்த வாதம் பொருந்தும். புது வண்டியில் ஒரு கோடு விழுந்தால் வீட்டில் மூன்று நாள் பேச்சு வார்த்தை இருக்காது. பழைய வண்டியில் பத்துக் கோட்டோடு பதினோராவது கோடு. நல்லதுதான். ஆனால் யோசித்துப் பாருங்கள். பிள்ளை இடிப்பான் என்று தெரிந்தேதானே வாங்குகிறோம்? அப்படியானால் இடித்தால் உள்ளே இருப்பவனைக் காப்பாற்றும் வண்டியை அல்லவா வாங்க வேண்டும்?

நம் வீடுகளில் நடப்பது நேர் எதிர். இருபத்தைந்து வருடம் ஓட்டிப் பழகிய அப்பா, ஆறு ஏர்பேக் உள்ள புதுக் காரில் போகிறார். லைசென்ஸ் வாங்கி இரண்டு மாதம் ஆன பிள்ளைக்கு ஏர்பேக்கும் கிடையாது, ஏ.பி.எஸ். பிரேக்கும் கிடையாது, 2006-ல் வந்த வண்டி. பாதுகாப்பு யாருக்கு அதிகம் தேவையோ அவருக்கு மிகக் குறைவாகக் கொடுக்கிறோம்.

இது வெறும் பயமுறுத்தல் என்று நினைப்பவர்களுக்கு ஒரு பழைய செய்தியை நினைவுபடுத்துகிறேன். 2014 ஜனவரியில் குளோபல் என்கேப் என்ற அமைப்பு, இந்தியாவில் நன்றாக விற்ற ஐந்து சிறிய கார்களை மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் மோதவிட்டுச் சோதித்தது. மாருதி ஆல்டோ 800, டாடா நானோ, ஹூண்டாய் ஐ10, ஃபோர்டு ஃபிகோ, ஃபோக்ஸ்வேகன் போலோ. ஏர்பேக் இல்லாத அடிப்படை மாடல்கள் அவை. பெரியவர்களுக்கான பாதுகாப்பில் ஐந்துமே பூஜ்ய நட்சத்திரம். அதே போலோவில் இரண்டு ஏர்பேக் வைத்துச் சோதித்தபோது நான்கு நட்சத்திரம் கிடைத்தது. ஃபோக்ஸ்வேகன், ஏர்பேக் இல்லாத போலோவை இங்கே விற்பதையே நிறுத்திக்கொண்டது. தகரம் கனமா, லேசா என்று கதவைத் தட்டிப் பார்க்கும் நம் வழக்கத்துக்கு அந்தச் சோதனை நல்ல பதில்.

பிறகு சட்டமே வந்தது. 2019 ஏப்ரல் முதல் எல்லாப் புதுக் கார்களிலும் ஏ.பி.எஸ். கட்டாயம். 2019 ஜூலை முதல் ஓட்டுநர் பக்க ஏர்பேக், சீட் பெல்ட் போடாவிட்டால் கத்தும் மணி, 80 கிலோமீட்டரைத் தாண்டினால் எச்சரிக்கும் ஒலி, ரிவர்ஸ் சென்சார் எல்லாம் கட்டாயம். முன்சீட்டில் பக்கத்தில் இருப்பவருக்கான ஏர்பேக் 2022 ஜனவரியில் இருந்து எல்லாக் கார்களுக்கும் வந்தது. இந்தப் பட்டியலைப் படித்தால் புதிதாக ஓட்டுபவர்களை மனதில் வைத்தே எழுதியது போல இருக்கும். ஏ.பி.எஸ். ஒன்றையே எடுத்துக்கொள்ளுங்கள். குறுக்கே மாடு வந்தால் புதுக் கை செய்வது ஒன்றே ஒன்றுதான். பிரேக்கை முழுப் பலத்தோடு மிதிக்கும். சாதாரண பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளும், ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் வண்டி நேராகவே வழுக்கிக்கொண்டு போகும். ஏ.பி.எஸ். இருந்தால் மிதித்தபடியே ஒடித்துத் திருப்ப முடியும்.

ஆகவே என் கருத்து இதுதான்: பிள்ளைக்கு வாங்கும் முதல் கார் 2019 ஜூலைக்குப் பிறகு தயாரானதாக இருக்கட்டும். ஆர்.சி.யில் தயாரித்த மாதமும் வருடமும் இருக்கும். பதிவு செய்த தேதியைப் பார்த்து ஏமாற வேண்டாம். கையில் இருக்கும் பணத்துக்குள் இது அடங்க வேண்டுமானால் கார் சிறியதாகத்தான் இருக்கும். ஒரு ஆல்டோ, ஒரு பழைய சான்ட்ரோ, ஒரு வேகன் ஆர் என்ற அளவில்தான் கிடைக்கும். அதே பணத்துக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று வருடம் ஓடிய பெரிய செடான் பளபளவென்று நிற்கும். பிள்ளையின் கண் அங்கேதான் போகும். அப்பாவின் கண்ணும் கொஞ்சம் போகும்! வாசலில் நிறுத்தினால் எடுப்பாக இருக்குமே என்ற ஆசை. அதை அடக்கிக்கொள்ள வேண்டியது பெரியவர்களின் பொறுப்பு.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. 2019-க்கு முன்பும் சில கார்களில் எல்லா மாடலிலும் இரண்டு ஏர்பேக் இருந்தன. 2014-க்குப் பிறகு வந்த போலோ ஒன்று. 2016 கடைசியில் வந்த டொயோட்டா எட்டியோஸ் லிவா இன்னொன்று, அதில் ஏ.பி.எஸ்.ஸும் உண்டு. நல்ல நிலையில் அப்படி ஒன்று அமைந்தால், ஒரே ஏர்பேக் உள்ள 2019 அடிப்படை மாடலைவிட அது மேல். வண்டியின் பெயரை மட்டும் கேட்டால் போதாது. எந்த வருடம், எந்த மாடல் என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

"பணம் அதிகமாகுமே, அதற்குப் பதில் பைக்கே வாங்கிக் கொடுத்துவிடலாம்" என்று சிலர் சொல்வார்கள். 2022-ல் இந்தியச் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் 44 சதவீதத்துக்கு மேல் டூவீலரில் போனவர்கள். அந்த வருடம் விபத்துகளின் எண்ணிக்கையில் முதலிடம் நம் தமிழ்நாட்டுக்குத்தான். பஸ் வசதி இருக்கும் பிள்ளைக்குக் காரும் வேண்டாம், பைக்கும் வேண்டாம். வேலைக்கோ கல்லூரிக்கோ பைபாஸில் தினமும் போய் வர வேண்டிய பிள்ளைக்குப் பைக்கைவிடச் சிறிய கார் எவ்வளவோ மேல்.

பணத்தை எப்படிப் பிரிப்பது? மூன்று லட்சம் இருந்தால் மூன்று லட்சத்துக்கும் வண்டி பார்க்காதீர்கள். இரண்டரைக்குள் பாருங்கள். மீதி ஐம்பதாயிரம், வாங்கிய மாதமே செலவாகிவிடும். நாலு டயர், பேட்டரி, பிரேக் பேட், ஆயில், பெயர் மாற்றம், இன்சூரன்ஸ் என்று வரிசையாக வரும். டயர் விஷயத்தில் பட்டன் நிறைய இருக்கிறது என்று மட்டும் பார்க்கக்கூடாது. டயரின் பக்கவாட்டில் நான்கு எண்கள் ஒரு சின்னக் கட்டத்துக்குள் இருக்கும். 2318 என்றிருந்தால் 2018-ஆம் வருடம் 23-ஆவது வாரம் தயாரானது என்று பொருள். அந்த டயர் தேயாமல் இருந்தாலும் ரப்பர் இறுகிப்போயிருக்கும், மழையில் பிடிக்காது. பெயிண்டுக்கும் சீட் கவருக்கும் மியூசிக் சிஸ்டத்துக்கும் ஒரு பைசா செலவழிக்காதீர்கள். கோடு விழுந்த கதவு அப்படியே இருக்கட்டும். "இடிச்சுப் பழகட்டும்" என்பதற்கு நான் ஒத்துக்கொள்ளும் இடம் அதுதான்.

வண்டி பார்க்கும்போது ஒரு நல்ல மெக்கானிக்கை அழைத்துப் போவது, மீட்டரைத் திருப்பியிருக்கிறார்களா என்று சர்வீஸ் ரெக்கார்டோடு ஒத்துப் பார்ப்பது எல்லாம் எல்லோரும் செய்கிறார்கள். எல்லோரும் விட்டுவிடும் சிலவற்றைச் சொல்கிறேன்.

சாவியைத் திருப்பியதும் டாஷ்போர்டில் ஏர்பேக் விளக்கு சில நொடிகள் எரிந்து அணைய வேண்டும். அணையாமல் எரிந்துகொண்டே இருந்தால் கோளாறு. எரியவே இல்லை என்றால் அது அதைவிட மோசம். முன்பே ஒரு விபத்தில் ஏர்பேக் வெடித்து, புதிது வைக்கச் செலவாகும் என்று மூடியை மட்டும் ஒட்டி, விளக்கின் இணைப்பையும் துண்டித்திருக்க வாய்ப்பு உண்டு. அந்த வண்டியில் ஏர்பேக் இருப்பது ஆர்.சி. தேதியில் மட்டும்தான்.

முன்சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். அடியில் தயாரித்த வருடத்தோடு ஒரு துணிச்சீட்டு இருக்கும். வண்டி 2019, பெல்ட் 2022 என்றால் ஏன் மாற்றினார்கள் என்று கேளுங்கள். பெல்ட்டின் உள்பகுதியில் சேற்றுக்கறை இருந்தால் வண்டி வெள்ளத்தில் நின்றது. 2015-லும் 2023-லும் சென்னையிலும், 2023 டிசம்பரில் தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கமும் தண்ணீரில் மூழ்கிய கார்கள் எத்தனையோ. துடைத்து, வாசனை அடித்து, வேறு ஊரில் கொண்டுபோய் விற்றால் யாருக்குத் தெரியும்? ஏர்பேக்கை இயக்கும் சின்னப் பெட்டி, பெரும்பாலான கார்களில் கியர் பக்கத்தில் தரையை ஒட்டி இருக்கிறது. தண்ணீர் முதலில் தொடும் இடம் அது. டிக்கியில் ஸ்டெப்னியைத் தூக்கிவிட்டு அந்தக் குழியையும் பாருங்கள்.

அடுத்தது காகிதம். இதில்தான் நான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது.

கடன் இருந்த வண்டியென்றால் பேங்க் கொடுத்த என்.ஓ.சி.யும் படிவம் 35-உம் வேண்டும். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. இவற்றில் கையெழுத்து வாங்கிப் பீரோவில் வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் அலையவிடுபவர்கள் பலர். ஆர்.சி. மாறும் வரை சட்டத்தின் கண்ணில் பழையவர்தான் உரிமையாளர்; உச்ச நீதிமன்றம் 2018-ல் இதைத் தெளிவாகவே சொல்லிவிட்டது. இன்சூரன்ஸில், மூன்றாம் நபருக்கான காப்பு வண்டியோடு தானாக வந்துவிடும். வண்டிக்கு ஏற்படும் சேதத்துக்கான காப்பு அப்படி வராது. பதினான்கு நாளுக்குள் பாலிசியை உங்கள் பெயருக்கு மாற்றக் கேட்க வேண்டும். பழையவரின் நோ கிளெய்ம் போனஸ் அவரோடு போய்விடும், அந்த வித்தியாசத்தைக் கட்டத்தான் வேண்டும்.

இனி முக்கியமான கேள்வி: ஆர்.சி. யார் பெயரில்? பெரும்பாலான வீடுகளில் அப்பா பெயரில்தான். வண்டியை ஓட்டப் போவது பிள்ளை. நான் வேலையில் இருந்தபோது என் மேசைக்கு வந்த ஒரு கோப்பு இன்னும் மனதில் நிற்கிறது. அப்பா பெயரில் கார். பத்தொன்பது வயதுப் பையன், செல்லுபடியாகும் லைசென்ஸ், எதிரே வண்டி எதுவும் இல்லை, அவனாகவே புளியமரத்தில் மோதி இறந்துபோனான். பாலிசியில் உரிமையாளர்-ஓட்டுநருக்கான தனிநபர் விபத்துக் காப்புக்குப் பிரீமியம் ஒழுங்காகக் கட்டியிருந்தார்கள். அன்று அது இரண்டு லட்சம். ஆனால் அந்தக் காப்பு ஆர்.சி.யில் பெயர் உள்ளவர் ஓட்டினால் மட்டும்தான். பையன் உரிமையாளரும் இல்லை, தானே மோதியதால் மூன்றாம் நபரும் இல்லை. பணம் இல்லை என்று கடிதம் போனது. "என் பிள்ளைதானே சார் ஓட்டினான், வேற யாரோவா?" என்று அந்த அப்பா கேட்டார். விதியைச் சொல்ல முடிந்தது, பதில் சொல்ல முடியவில்லை.

இன்று அந்தக் காப்பு பதினைந்து லட்சம். விதி அதேதான். ஆகவே பிள்ளைக்குப் பதினெட்டு முடிந்து லைசென்ஸும் இருந்தால் ஆர்.சி.யையும் பாலிசியையும் அந்தப் பிள்ளை பெயரிலேயே போடுங்கள். அப்படி விருப்பம் இல்லையென்றால் பிள்ளையின் பெயரில் தனியாக ஒரு விபத்துப் பாலிசி எடுத்துவிடுங்கள். 1000 சி.சி.க்கு உட்பட்ட காருக்கு மூன்றாம் நபர் பிரீமியம், 2022-ல் அறிவித்தபடி, வரி நீங்கலாக வருடத்துக்கு 2,094 ரூபாய். இதை வைத்துப் பார்த்தால் விபத்துப் பாலிசி ஒன்றும் பெரிய செலவாக வராது.

பதினெட்டு ஆகாத பிள்ளைக்கு "இப்பவே வாங்கி வெச்சுட்டா தெருவுக்குள்ள ஓட்டிப் பழகுவான்" என்பவர்களுக்கு ஒரே வரி. 2019 திருத்தத்துக்குப் பிறகு, சிறுவர் குற்றம் செய்தால் பெற்றோருக்கோ உரிமையாளருக்கோ மூன்று வருடம் வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. வண்டியின் பதிவு பன்னிரண்டு மாதம் ரத்து, பிள்ளைக்கு இருபத்தைந்து வயது வரை லைசென்ஸ் கிடையாது. ஆறு மாதம் பொறுத்தால் இது எதுவும் இல்லை.

மலிவாக வாங்குவது தவறில்லை. நானும் வாழ்நாள் முழுக்கப் பழைய வண்டியே ஓட்டியவன். எதில் மலிவு பார்க்கிறோம் என்பதுதான் கேள்வி. நிறம் மங்கியிருக்கலாம், கதவில் பள்ளம் இருக்கலாம், நாலு பேர் பார்த்துச் சிரிக்கும் மாடலாகவும் இருக்கலாம். பிரேக், டயர், பெல்ட், ஏர்பேக், காகிதம் ஆகிய ஐந்திலும் பேரம் வேண்டாம். அவை சரியாக உள்ள வண்டி உங்கள் பட்ஜெட்டில் இந்த மாதம் கிடைக்கவில்லையென்றால், இன்னும் நாலு மாதம் பணம் சேருங்கள். பிள்ளை அதுவரை உங்கள் காரை நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருக்க ஓட்டட்டும். உங்கள் காரில் ஒரு கோடு விழும். விழட்டும்.