ஒரே நாளில் எழுந்ததா?
1985இல் வந்த ‘விட்னஸ்’ படத்தில் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் வாழும் ஆமிஷ் என்ற கிறித்தவச் சமூகத்து விவசாயிகள் ஊரோடு கூடி ஒரே நாளில் களஞ்சியம் எழுப்பும் காட்சியை மறுபடி பார்த்தேன். (படத்தின் நாயகன் ஹாரிசன் ஃபோர்டு நட்சத்திரமாகும் முன் தச்சு வேலை பார்த்தவர், கை பொய் சொல்லவில்லை.) என்னை இழுப்பது படம் காட்டாத நாட்கள். மூத்த தச்சர் உத்திரங்களில் துளையும் நாக்கும் முன்பே செதுக்கி வைத்திருப்பார். எந்த நாக்கு எந்தத் துளைக்கு என்று உளியாலேயே ரோமன் எண் வெட்டுவது பழைய வழக்கம். நேர்கோடுகள்தானே, உளிக்குச் சுலபம். பழைய களஞ்சியம் ஒன்றைப் பிரித்துத் தன்னார்வலர்கள் மீண்டும் பூட்டும்போது அந்தக் கீறல்கள்தாம் வரைபடம். நாக்கிலும் அது நுழையும் உத்திரத்திலும் முளைக்கான ஓட்டைகளை ஒன்றுக்கொன்று சற்றே தள்ளிப் போடுவதும் உண்டு. மரமுளையை அடிக்க அடிக்கப் பொருத்து இறுகும். ஊர் கூடுவதற்கும் காரணம் உண்டு: ஆமிஷ் மக்கள் பொதுவாகக் காப்பீடு எடுப்பதில்லை. களஞ்சியம் எரிந்தால் அக்கம்பக்கத்தார் கொட்டாப்புளியோடு வருவார்கள். நான் கட்டும் பிரீமியத்துக்கு உத்திரம் தூக்க யாரும் வரப்போவதில்லை.