கம்பி வந்தாச்சு, காய் எப்போ ஏறும்?

முப்பது வருசத்துக்கு மேல் வங்கியில் கடன் மனு பார்த்தவன் நான். போட்ட பணத்துக்கு என்ன பலன், யாருக்குப் பலன் என்று கேட்காமல் கையெழுத்துப் போட்டதில்லை. தாண்டிக்குடியில் மிளகும் சௌசௌவும் போட்ட பிறகும் அந்தப் புத்தி போகலை.

புகையில்லா ரயில் என்கிறார்கள். கணக்குப் பார்ப்போம்.

ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் சுமார் 2.7 கிலோ கரியமில வாயு. இதைத் தவிர்க்க இப்போது பேசப்படும் வழிகள் இரண்டு: ஹைட்ரஜன், மின்கம்பி.

மலைப்பாதைகளுக்கும் பாரம்பரியப் பாதைகளுக்கும் 35 ஹைட்ரஜன் ரயில்கள் விடுவதாக 2023-இல் ரயில்வே சொன்னது. மதிப்பீடு, ரயில் ஒன்றுக்கு 80 கோடி ரூபாய். பாதை ஒன்றுக்குக் கட்டமைப்புச் செலவு 70 கோடி. ஓட்டும் செலவும் ஆரம்பத்தில் கூடுதலாக இருக்கும் என்று அவர்களே ஒத்துக்கொள்கிறார்கள். அது மட்டும் குற்றமில்லை. இயற்கை விவசாயத்துக்கு மாறும்போது முதல் இரண்டு மூன்று வருசம் நமக்கும் கையைக் கடிக்கத்தான் செய்யுது.

ஆனால் அந்த ஹைட்ரஜன் எங்கிருந்து வருது? எரிவாயுவிலிருந்து எடுத்தால், கிலோவுக்கு ஒன்பது பத்து கிலோ கரியமில வாயு ஆலையிலேயே வெளியேறிவிடும். மின்சாரம் பாய்ச்சித் தண்ணீரிலிருந்து பிரித்தால், 100 யூனிட்டில் சக்கரத்துக்குப் போய்ச் சேருவது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். கம்பி வழியாக நேரே கொடுத்தால் பெரும்பகுதி சேர்ந்துவிடும். கம்பியில் வருவதும் பெரும்பாலும் நிலக்கரி மின்சாரம்தானே என்பீர்கள். உண்மைதான். ஆனால் காற்றாலையும் சூரிய மின்சாரமும் கூடக்கூட, அதே எஞ்சின் மேலும் சுத்தமாகும்.

இப்போ நம்ம வாசலுக்கு வருவோம். மலையடிவாரத்தில் திண்டுக்கல்–பழனி–பாலக்காடு பாதைக்கு மின்கம்பி போட்டாச்சு. அந்தப் பாதையில்தான் ஒட்டன்சத்திரம் ஸ்டேஷன். அந்த ஊரில்தான் நம்ம காய்கறிச் சந்தை. என் சௌசௌ பாச்சலூர் வழியாக அங்கே இறங்கி, டீசல் லாரியில் ஏறிக் கேரளா போகுது. மோட்டார் போட்டுட்டுக் கமலையில் தண்ணி இறைக்கிற கதை!

லாரிக்காரர் மேல் தப்பில்லை. சந்தையில் ஏத்தினா கடை வாசலிலேயே இறக்குறார். ரயிலில் இரண்டு தடவை ஏத்தி இறக்கணும். நேரம் தப்பினா தக்காளி போச்சு. அதனால்தான் கேட்கிறேன்: நேரம் தவறாத ஒரு பார்சல் பெட்டி, ஏத்த ஒரு நிழல் மேடை. 2020-இல் தொடங்கிய கிசான் ரயிலில் காய், பழத்துக்குக் கட்டணத்தில் 50 சதவீதம் மானியம் கிடைத்தது. அதையும் திரும்பக் கேட்கலாம். இதற்கு 80 கோடி தேவையில்லை.

அடுத்த விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்துக்கு நான் மனு எழுதியாச்சு. கையெழுத்துப் போட நீங்களும் வாங்க.