ஈசிஎம் மாற்றத்துக்கு ஒரு விதி வேண்டும்

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர், சுந்தரபாண்டியம் வட்டாரத்தில் கார்புரேட்டர் காலத்துப் பெட்ரோல் கார் வைத்திருப்பவர், அதில் அங்கீகாரம் பெற்ற சிஎன்ஜி கிட் பொருத்தி ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பதிந்துகொள்ளலாம். என்ஜினையே இறக்கிவிட்டு பேட்டரியும் மோட்டாரும் வைக்கக்கூட ஏஐஎஸ்-123 என்ற தரநிலை இருக்கிறது. அதே என்ஜின், அதே பெட்ரோல், புகை மட்டும் குறைய வேண்டும் என்று இன்ஜெக்டரும் கடையில் தனியாகக் கிடைக்கும் ஈசிஎம்மும் (என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினிப் பெட்டி) வைக்க நினைப்பவருக்குத்தான் இப்படியொரு தெளிவான வழி இல்லை. பெரிய மாற்றத்துக்கு அனுமதி, சிறிய மாற்றத்துக்குக் குழப்பம்! பழைய கார்களுக்கு மட்டுமாவது, சோதனையோடு இதை அனுமதிக்க வேண்டும்.

பெட்ரோல் சரியாக எரிய, எடைக் கணக்கில் அதைப்போல் சுமார் 14.7 மடங்கு காற்று வேண்டும். கார்புரேட்டர் அதை உத்தேசமாகத்தான் கலக்கும். ஈசிஎம்மோ புகைக்குழாயில் உள்ள ஆக்சிஜன் சென்சாரைப் பார்த்துக் கலவையை ஓயாமல் திருத்தும். புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் ஒழுங்காக வேலை செய்ய அந்தத் துல்லியம் வேண்டும். ஆனால் ஒரு மாடலுக்கென்று செய்யப்படாத ஈசிஎம்மை அதில் பொருத்துவது ஒயரை முறுக்கி டேப் சுற்றும் வேலையல்ல. கிராங்க் சக்கரத்தில் ஒரு கம்பெனி 60 பல்லுக்கு 2 விட்டிருக்கும். இன்னொரு கம்பெனி 36-க்கு 1 விட்டிருக்கும். விடுபட்ட அந்த இடத்தை வைத்துத்தான் பிஸ்டன் எங்கே இருக்கிறது என்று ஈசிஎம் கணிக்கிறது. கணக்குப் பிசகி ஸ்பார்க் முந்தினால் என்ஜின் நாக் அடிக்கும், பிஸ்டனே ஓட்டையாகலாம். வெப்ப சென்சாரின் அளவு பொருந்தாவிட்டால், சூடான என்ஜினைக் குளிர்ந்ததாக நினைத்துப் பெட்ரோலை ஊற்றும். சென்சார் எர்த்தையும் இக்னிஷன் காயில் எர்த்தையும் ஒன்றாகக் கட்டினால் மிஸ்ஸிங் வரும், அதன் காரணத்தைக் கண்டுபிடிப்பதற்குள் போதும் போதுமென்றாகிவிடும். இந்த வித்தை தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. கோவை கரி ஸ்பீட்வேயில் நடக்கும் ஃபார்முலா பாரத் போட்டிக்கு வரும் கல்லூரி மாணவர்கள், பைக் என்ஜினைத் தாங்களே கட்டிய காரில் ஏற்றி, இப்படிப்பட்ட ஈசிஎம்மில் ஓட்டுகிறார்கள்.

தடையாகச் சொல்லப்படுவது சட்டம். பதிவில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் தந்த அமைப்பிலிருந்து மாறும்படி வாகனத்தை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டில் வந்த மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம், அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது 6 மாதம் வரை சிறை என்றது. இரண்டும் சேர்ந்தும் வரலாம். ஆனால் அதே திருத்தம்தான், மாற்றங்களுக்கான தரத்தையும் ஒப்புதல் நிபந்தனைகளையும் மத்திய அரசு விதியாக வகுக்கலாம் என்று 52-ஆம் பிரிவில் சேர்த்தது. ஆகவே புதுச் சட்டம் தேவையில்லை, மனம் வைத்தால் ஓர் அறிவிக்கை போதும்.

வேகத்துக்காக ஈசிஎம்மில் விளையாடுவார்களே என்பார்கள். விளையாடுவார்கள்தான்; இப்போதும் ரகசியமாக விளையாடுகிறார்கள். 2015-இல் அம்பலமான ஃபோக்ஸ்வேகன் மோசடியில், உலகெங்கும் 1.1 கோடி டீசல் வண்டிகளின் புகைச் சோதனையை ஏமாற்றிய மென்பொருள் தயாரிப்பாளரே வைத்ததுதான். எனவே பெட்டியில் யார் பெயர் இருக்கிறது என்று பார்ப்பதைவிட, ஓடும்போது வரும் புகையை அளப்பதே முறை. பெட்ரோல் காரை நிற்கவைத்து முக்கியமாகக் கார்பன் மோனாக்சைடையும் ஹைட்ரோகார்பனையும் பார்க்கும் இப்போதைய சோதனை அதற்குப் போதாது. நைட்ரஜன் ஆக்சைடு அதில் தப்பிவிடும். மற்றபடி, ஏர்பேக், ஏபிஎஸ், இம்மொபிலைசர் எல்லாம் ஈசிஎம்மோடு பேசிக்கொள்ளும் புது வண்டிகளில் கைவைக்கவே கூடாது. அங்கே எதிர்ப்பாளர்கள் சொல்வதே சரி. பேட்டரிக்கு மாறலாமே என்றால், அந்தக் கிட்டின் விலையில் இன்னொரு பழைய காரே வாங்கிவிடலாம்.

ஈசிஎம் கிட்டுக்கு ஒரகடம் வாகன ஆய்வு மையம் சான்று தரட்டும். பயிற்சி பெற்று உரிமம் வாங்கிய பட்டறை பொருத்தட்டும். 15 ஆண்டுக்குப் பிறகு 5 ஆண்டுக்கு ஒருமுறை ஆர்.சி. புதுப்பிக்கும்போது, வண்டியை உருளையில் ஓடவிட்டுப் புகையை அளக்கட்டும். பட்டறைக்காரர்களுக்கான பயிற்சியைக் கிருஷ்ணன்கோவில் கலசலிங்கம் பல்கலைக்கழகம் போன்ற இடங்களிலேயே நடத்தலாம். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் இதற்கான வரைவு விதியை வெளியிட்டு, பொதுமக்களிடம் கருத்துக் கேட்க வேண்டும்.