காவி உடுத்தினும் களம் நீங்கான்!

சங்கரன்கோயிலில் சங்கரநாராயணர் திருமுன் செல்வோர்க்கு இன்றும் ஒரு கதை சொல்லப்படுகின்றது. 1755-இல் வெள்ளைப்படையை எதிர்த்து நின்ற நெற்கட்டுஞ்செவல் பூலித்தேவன், காவலர் சூழ அக்கோயிலுக்கு வந்தானாம், இறைவனைத் தொழுதானாம், விலங்கு தெறிக்க ஒளியாகி மறைந்தானாம். கதை இனிது! ஆயின், 1761 வரை அவன் வாளெடுத்து நின்ற ஆண்டுகள் அவ்வொளியில் மறைந்துபோகின்றன. மறைந்தவனைக் கும்பிடுவது எளிது. நின்றவனைப் பின்பற்றுவதன்றோ அரிது!

இதே கேடு சுப்பிரமணிய சிவாவுக்கும் சூழ்கின்றது. காவி உடுத்த அடியார் என்று கைகூப்பி, அவர்தம் போரை மறக்கடிப்போர் பலர்.

1908 மார்ச்சு 12-இல் வ.உ.சி.யுடன் அவர் தளைப்படுத்தப்பட்டார். மறுநாள் நெல்லை கொதித்தெழுந்தது. துப்பாக்கிக்கு நால்வர் இரையாயினர். பத்தாண்டு நாடுகடத்தல் என்ற தீர்ப்பு, மேல்முறையீட்டில் ஆறாண்டாகக் குறைந்தது. 1912-இல் சிறை நீங்கியவரைத் தொழுநோய் தொடர்ந்தது. அந்நோயைக் காட்டித் தொடர்வண்டியில் ஏறவும் தடுத்தது வெள்ளை அரசு. அவரோ கால்நடையாகவும் கட்டைவண்டியிலும் ஊர்தோறும் சென்று முழங்கினார்!

காவி உடுத்தார், சுதந்திரானந்தர் எனப் பெயர் பூண்டார். துறந்தது எதனை? தன்னலத்தை, போரையன்று. 1921-இல் மீண்டும் சிறை புகுந்தார். 1925 சூலை 23-இல் பாப்பாரப்பட்டியில் மறைந்தபோது அகவை நாற்பதே.

அவர் 1913-இல் தொடங்கிய இதழ் ‘ஞானபாநு’. 1915-இல் அதிலேதான், வடசொல் கலவாது தமிழ் எழுதுவோர்க்கு 5 உருபா பரிசு என அறிவித்தார். இதழின் பெயரும் வடமொழி; துறவுப் பெயரும் வடமொழி; இதென்ன தனித்தமிழ் என நகைப்போர் உளர். நகைக்கட்டும்! மறைமலையடிகள் 1916-இல் தனித்தமிழ்க் கொடி உயர்த்துமுன், தம் இதழுக்கும் சேர்த்தே அறைகூவல் விடுத்தவர் அவர். தன் குறையை மறைப்பவன் ஆரவாரக்காரன். அதனைக் களையப் பரிசு வைப்பவனே போராளி.

அயர்லாந்தை நோக்குக. 1916 எழுச்சியில் உயிரீந்த பாத்ரிக் பியர்சு, கேலிக் மொழிக் கழக இதழின் ஆசிரியராய் இருந்தவர். மொழிப்பற்றே அவரைப் போர்க்களத்தில் நிறுத்திற்று. 1922-இல் அந்நாடு தன்னாட்சி பெற்றது. எனினும் அம்மொழியை நாள்தோறும் பேசுவோர் இன்று சிறுபான்மையரே. அரசு கிடைத்தால் மொழி தானே வாழும் என்று துயில்வோர்க்கு இதனினும் கடிய எச்சரிக்கை வேண்டுமோ?

சிலைக்கு மாலையிடுவதும் மேடையில் முழங்குவதும் போதா. மணவழைப்பிதழில், கடைப்பலகையில், குழந்தைக்கு இடும் பெயரில் தமிழ் நிற்கின்றதா? சங்கரன்கோயில் தேரடித் தெருவில் ஒருமுறை நடந்து பலகைகளைப் படித்தாலே விடை கிடைக்கும். சிவா வைத்த பரிசு 5 உருபா. அவர் கேட்ட கடன் இன்னும் தீரவில்லை.