பெற்றோருள்ள அநாதைகள்

தாயையும் தந்தையையும் இழந்து, ஆதரிப்பாரின்றி நிற்கும் குழந்தையையே எம்மக்கள் அநாதை என்பர். இந்நாளில் அச்சொல்லுக்கு வேறொரு பொருளும் வந்து சேர்ந்திருக்கின்றது. பெற்றோர் உயிருடன் இருக்க, அவர்கள் வறியோர் என்ற ஒரே காரணத்தால் அந்நியரின் இரக்கத்துக்கு ஒப்படைக்கப்படும் குழந்தையும் இன்று அநாதையே. இப்புதுப் பொருளை வழங்கியோர் யாவர்? அதனால் பயன் பெறுவோர் யாவர்? இவ்வினாக்களை எழுப்பாது அநாதைத் தொண்டைப் போற்றிப் பேசுதல் பொறுப்பற்ற செயல் என்பதே எமது துணிபு.

நடந்த ஒரு நிகழ்ச்சியை நோக்குவோம். 2010ஆம் ஆண்டு ஜனவரி 12ஆம் திகதி ஹெயிட்டி நாட்டைப் பூகம்பம் குலைத்தது. தலைநகரான போர்ட் ஓ பிரின்ஸ் இடிபாடாயிற்று. அம்மாதம் 29ஆம் திகதி அமெரிக்கத் தொண்டர்கள் பதின்மர், 33 குழந்தைகளை ஒரு பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு அயல்நாடான டொமினிக்கன் குடியரசின் எல்லையை அடைந்தனர். அவர்களுட் பெரும்பாலோர் ஐடஹோ மாநிலத்துப் பாப்டிஸ்ட் சபையினர். அநாதைகளை மீட்டுச் செல்வதாக அவர்கள் கூறினர். குழந்தைகளை நாட்டைவிட்டுக் கொண்டு செல்வதற்கான அனுமதிப் பத்திரம் அவர்களிடம் இருக்கவில்லை. அதிகாரிகள் தடுத்து நிறுத்தினர். பின்னர் வெளியான உண்மை யாது? அக்குழந்தைகள் ஒவ்வொருவருக்கும் தாயோ தந்தையோ உயிருடன் இருந்தனர். தான் அநாதையல்லள், தனக்குப் பெற்றோர் உண்டு என்று ஒரு சிறுமி அழுதாள்.

ஆட்கடத்தற் குற்றச்சாட்டு இறுதியிற் கைவிடப்பட்டது. குழுவின் தலைவி மட்டும் முறைகேடான பயணத்தை ஏற்பாடு செய்த குற்றத்துக்காக அவ்வாண்டு மே மாதத்தில் தண்டிக்கப்பட்டு, சிறையிற் கழித்த நாட்களே தண்டனையாகக் கொள்ளப்பட்டு விடுதலையானார். அவர்களைக் கள்வர் என்று நாமும் கூறவில்லை. அவர்கள் தீயவராயிருந்தால் இக்கட்டுரைக்கே அவசியமில்லை, பொலிஸாரே போதும். தம் நல்லெண்ணத்தில் ஐயமே இல்லாதோர் இவர்கள். அதனாலேயே, இக்குழந்தையின் தாய் எங்கே என்ற முதல் வினாவைக் கேட்க இவர்களுக்குத் தோன்றவில்லை.

பெற்றோர் பலர் விரும்பியே பிள்ளைகளைக் கொடுத்தனர் என்பது மெய். கல்வி கிடைக்கும், வயிறார உணவு கிடைக்கும் என்று நம்பிக் கொடுத்தனர். இவ்விடத்திலேதான் எமது வழக்கு தொடங்குகின்றது. பெற்ற பிள்ளையைக் கைவிட்டாலன்றி அதற்குக் கல்வியூட்ட இயலாத நிலைக்கு ஒரு தாய் எவ்வாறு வந்தாள்?

அடிமைகள் கிளர்ந்தெழுந்து 1804இல் விடுதலை பெற்ற நாடு ஹெயிட்டி. 1825இல் பிரான்ஸ் போர்க்கப்பல்களை அனுப்பி, இழந்த சொத்துக்கு நட்டஈடாக 150 மில்லியன் பிராங்கு கேட்டது. அவர்கள் இழந்ததாகக் கூறிய சொத்தில் அம்மனிதர்களும் அடக்கம்! அத்தொகை பின்னர் குறைக்கப்பட்டதெனினும், அதற்காகப் பட்ட கடன்கள் 1947இலேதான் தீர்ந்தன. 1915 முதல் 1934 வரை அமெரிக்கப் படைகள் அந்நாட்டை ஆண்டன. 1990களில் அரிசி மீதான இறக்குமதி வரி வெட்டப்பட, அமெரிக்க அரிசி வந்து குவிந்தது. உள்ளூர் உழவன் நொடித்தான். அக்கொள்கை தவறென முன்னாள் ஜனாதிபதி கிளின்டன் 2010 மார்ச்சிலே தம் நாட்டுச் செனற் குழுவின் முன் ஒப்புக்கொண்டார். ஒரு கை உழவனின் சோற்றைப் பறிக்கின்றது. மறு கை அவன் பிள்ளையை அணைக்கின்றது. இரண்டாவது கையை மட்டும் படம் பிடித்துக் கொண்டாடுகின்றோம்.

இதை ஒரு நாட்டின் விபத்தென்று தள்ளிவிட முடியாது. ஹெயிட்டியின் அநாதை இல்லங்களில் ஏறத்தாழ 30,000 குழந்தைகள் இருந்தனர் என்றும், அவர்களுள் 80 சதவீதத்தினருக்குப் பெற்றோருள் ஒருவராவது உயிருடன் இருந்தனர் என்றும் கணிக்கப்பட்டது. கம்போடியாவில் 2005 முதல் 2010 வரையான ஐந்தாண்டுகளில் இத்தகைய இல்லங்களின் தொகை 75 சதவீதம் பெருகியது என யுனிசெப் 2011இல் எடுத்துக்காட்டியது. அவ்வைந்தாண்டுகளில் பெற்றோர் மாண்டு குவிந்தனரா? இல்லை. உல்லாசப் பிரயாணிகளும் தொண்டர்களும் பணத்துடன் வந்தனர். அவர்கள் காண விரும்பிய அநாதைகள் கிராமங்களிலிருந்து திரட்டப்பட்டனர். கேள்வி இருக்குமிடத்தில் சரக்கும் வந்து சேரும் என்ற சந்தை விதி, குழந்தைகள் விடயத்திலும் பொய்க்கவில்லை.

தொண்டர்கள் தரும் அன்பாவது மெய்யன்றோ என்பர் சிலர். ஆசிரியத் தொழிலில் நாம் கண்டதைச் சொல்வோம். பயிற்சிக்காகச் சில வாரங்கள் வகுப்புக்கு வரும் இளம் ஆசிரியர்கள் விடைபெறும்போது சிறு பிள்ளைகள் விம்முவதைப் பார்த்திருக்கின்றோம். அன்று மாலையே தாயின் மடிக்குத் திரும்பும் பிள்ளைகளுக்கே அத்துயரென்றால், திரும்பிச் செல்ல மடியே இல்லாத குழந்தை, இரு வாரங்களுக்கு ஒரு புதிய அன்னையைப் பெற்று, அவளையும் விமான நிலையத்துக்கு அனுப்பிவைப்பது எத்தகைய கொடுமை! நிலையான ஒருவரின் பராமரிப்பின்றிக் குழந்தையின் உள்ளம் செழிக்காது என்பதை ஜோன் போல்பி உலக சுகாதார ஸ்தாபனத்துக்காக 1951இலேயே எழுதினார். ஓடிவந்து கட்டிக்கொள்ளும் அக்குழந்தையின் செயலை அன்பின் நிறைவு என்று தொண்டர் கருதுகின்றார். பல சமயங்களில் அது அன்பின் பஞ்சமே.

எம்மவர் இதை அயலார் கதை என்று ஒதுக்கவும் இயலாது. 1980களில் இலங்கையிலிருந்து ஆயிரக்கணக்கான கைக்குழந்தைகள் ஐரோப்பாவுக்குத் தத்துக் கொடுக்கப்பட்டனர். பொய்ப் பத்திரங்களும், தாயாக நடிக்கக் கூலிக்கு அமர்த்தப்பட்ட பெண்களும் அவ்வியாபாரத்தில் இருந்தமை 2017இல் அம்பலமாயிற்று. வளர்ந்து ஆளாகிய அப்பிள்ளைகள் இன்றும் தம் அன்னையரைத் தேடி இங்கு வருகின்றனர். அநாதை என்ற பொய்யின் விலையை அவர்களே செலுத்துகின்றனர்.

சமயத்தை நாம் பழிக்கவில்லை. குழந்தை குடும்பத்திலேயே வளரவேண்டும் என்று இன்று வாதிடுவோரிற் கிறிஸ்தவர்களும் பலர். உலகமும் மெல்ல விழிக்கின்றது: அநாதை இல்லங்களில் நிகழும் தொண்டுப் பயணங்களின் தீங்கை ஐக்கிய நாடுகள் பொதுச் சபை 2019இல் எடுத்துரைத்தது. மெய்யாகவே பெற்றோரை இழந்த குழந்தைகளும் உளர், அவர்களுக்கும் வேண்டியது உற்றாரோ வளர்ப்போரோ உள்ள ஒரு வீடு, விருந்தினர் வரிசையன்று.

தொண்டு செய்யப் புறப்படுவோரை நாம் வேண்டுவது இதுவே. உமது விமானச் சீட்டின் விலை அக்குழந்தையின் தாய்க்கு எத்தனை மாதச் சோறு என்று முதலிற் கணக்கிடுங்கள். அவள் வறியவளாக்கப்பட்ட வரலாற்றில் உமது நாட்டின் பங்கு யாதென்று கேளுங்கள். அதன் பின்னும் இரக்கம் எஞ்சியிருக்குமாயின், குழந்தையை அவளிடமிருந்து பிரிக்காத வழியிலே அதைச் செலவிடுங்கள். தாயை மறந்துவிட்டுச் சேய்க்குச் செய்யும் தொண்டு தொண்டாகாது.