பூவுக்கு இருக்கும் கவனிப்பு பெண்ணுக்கு இல்லையா?

பிப்ரவரி 14 நெருங்கினால் எங்கள் ஓசூர் ரோஜா விமானம் ஏறிவிடுகிறது. பாகலூர், தளி, தேன்கனிக்கோட்டை பக்கமெல்லாம் பிளாஸ்டிக் கூரை போட்ட பசுமைக் குடில்கள். செடியில் பூச்சி தெரிந்தால் உடனே மருந்து அடிக்கிறார்கள். அந்தப் பூவை வெட்டி, முள் நீக்கி, கட்டுக் கட்டும் பெண்களின் உடம்பை யார் பார்க்கிறார்கள்?

எங்கள் தெரு அக்கா ஒருவர் அந்த வேலைக்குத்தான் போகிறார். "மருந்தடிச்ச மறுநாள் உள்ளே போனா தலை கிர்ருங்குது, குமட்டுது. வெயில்னு நினைச்சு ஒரு மாத்திரையைப் போட்டுக்கறேன்" என்கிறார். வெயில் மட்டும்தானா? மூடிய குடிலுக்குள் மருந்து நெடி சீக்கிரம் போகாது. இலையில் படிந்தது தோல் வழியாகவும் உள்ளே இறங்கும்.

சட்டம் இல்லாமல் இல்லை. 1971-ம் ஆண்டின் பூச்சிமருந்து விதிகளில் 37-வது விதியைப் பாருங்கள். மருந்து தெளிப்பவரை வேலைக்கு வைக்கும் முன்பும், பிறகு ஆண்டுக்கு ஒரு முறையும் டாக்டர் பரிசோதிக்க வேண்டும். ஆர்கனோபாஸ்பரஸ், கார்பமேட் வகை மருந்து என்றால், அதைத் தயாரிக்கும் ஆலைகளில் வேலை செய்பவர்களுக்கு ரத்தத்தில் கோலினெஸ்டரேஸ் அளவை மாதா மாதம் பார்க்க வேண்டும். நரம்புகள் ஒழுங்காக வேலை செய்யத் தேவையான அந்த நொதியைத்தான் இம்மருந்துகள் முடக்குகின்றன. இயல்பான அளவு ஆளுக்கு ஆள் மாறும். அதனால் வேலையில் சேரும்போதே ஒரு முறை பார்த்துக் குறித்து வைத்தால்தான், பின்னால் குறைந்திருக்கிறதா என்று தெரியும்.

"அதெல்லாம் மருந்தடிக்கிற ஆம்பளைங்களுக்குத்தானே" என்பார்கள். அடித்த செடியில் நாள் முழுக்கக் கை வைப்பவள் பெண்தானே! அவளையும் இந்தப் பரிசோதனையில் சேர்க்க வேண்டும்.

2017-ல் மகாராஷ்டிர மாநிலம் யவத்மாலில் பருத்திக்கு மருந்தடித்த இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அப்படி நடந்த பிறகுதான் விழிக்க வேண்டுமா? 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 ஆகஸ்டு 5-ல் எங்கள் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. வீடு தேடி வந்து பிரஷரும் சர்க்கரையும் பார்ப்பவர்கள், "பூச்சிமருந்து வேலைக்குப் போறீங்களாம்மா?" என்றும் ஒரு வார்த்தை கேட்கலாமே. ஆமாம் என்பவர்களுக்கு ரத்தப் பரிசோதனைக்கு அரசு ஆஸ்பத்திரியில் ஏற்பாடு செய்யலாம்.

அதுவரை நாமும் சும்மா இருக்க வேண்டாம், சகோதரிகளே. வேலைக்குப் போட்ட துணியைக் குழந்தைகள் துணியோடு சேர்த்து ஊற வைக்காதீர்கள். கையை சோப்புப் போட்டுக் கழுவாமல் சாப்பாட்டுத் தூக்கைத் திறக்காதீர்கள். காலி மருந்து டப்பாவை வீட்டுக்குக் கொண்டு வரவே கூடாது. மயக்கமோ வாந்தியோ வந்தால், அடித்த மருந்தின் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டு போய் டாக்டரிடம் காட்டுங்கள். பெயர் தெரிந்தால் சிகிச்சை தாமதமாகாது.

- ஒரு வாசகி, ஓசூர்.