மண்ணுக்குப் பயம், கிணத்துக்குப் பயமில்லை

சனிக்கிழமை பொழுதோட ஆனா எங்க தோட்டத்துக்குத் தெக்கால கார் வந்து நிக்க ஆரம்பிச்சிடுது. கோயமுத்தூர், திருப்பூர் வண்டிதான் அதிகம், சில நேரம் பெங்களூருல இருந்தும் வருது. பக்கத்துத் தோட்டத்துக்காரர் தென்னந்தோப்புல மூணு ஏக்கரை ஒரு ஏஜெண்டுக்குக் குத்தகைக்கு விட்டுட்டார். அவன் அங்க பன்னெண்டு டென்ட் போட்டிருக்கான். ஒரு ராத்திரி, ரெண்டு வேளைச் சாப்பாடு, நெருப்பு, பாட்டு, எல்லாம் சேத்து ஆளுக்கு இவ்வளவுன்னு ரேட்டு. குழந்தைக்குப் பாதி.

பக்கத்துத் தோட்டத்துக்காரரை நான் குத்தம் சொல்ல மாட்டேன். வெள்ளை ஈ வந்து ஓலையெல்லாம் கரி பூசின மாதிரி ஆயிருச்சு. வாடல் நோய்ல அவரு வெட்டிச் சாச்ச மரத்தை எண்ணினா வயிறு எரியும். என்கிட்டயும்தான் கேட்டு வந்தாங்க. "நீங்க ஒண்ணும் பண்ண வேண்டாம்ங்க, மாசம் பொறந்தா இருபதாயிரம் கைக்கு வந்திரும்"னான். ரெண்டு நாள் கணக்குப் போட்டுப் பாத்தேன். வீட்டுல, விட்ரலாம்னுதான் சொன்னா. நான் வேண்டாம்னதுக்குக் காரணம் பெரிய கொள்கை எல்லாம் இல்லைங்க. எங்க ரெண்டு பேருக்கும் பொதுவா ஒரு கூட்டுக் கிணறு இருக்கு. அறுபதடி ஆழம், சதுரமா வெட்டினது, கைப்பிடிச் சுவர் கிடையாது. அதை நினைச்சுத்தான்.

போன மாசம், கோடை மழை ஒண்ணு பேஞ்ச மறுநாள் ராத்திரி பத்து மணி இருக்கும். மக்காச்சோளத்துக்குப் பன்னி வருதான்னு பாக்க டார்ச்சு எடுத்துட்டுப் போனேன். தோப்புல ஸ்பீக்கர் அலறிக்கிட்டு இருக்கு. கிணத்து மேட்டுல நம்ம நாய் நின்னு குலைக்குது. குலைக்கிற தினுசு வேற மாதிரி இருந்துச்சு. போய் வெளிச்சம் அடிச்சா, அஞ்சு வயசு இருக்கும், ஒரு பொம்பளப் புள்ள. குத்த வெச்சு உக்காந்து எதையோ பாத்துக்கிட்டு இருக்கு. கிணத்து விளிம்புக்கும் அதுக்கும் நாலடி.

கத்தக் கூடாது, ஓடக் கூடாது. மெதுவா, "கண்ணு, அங்கேயே இரு, தாத்தா வர்றேன்"னேன். அது என்னைப் பாத்து, "தாத்தா, லைட்டை ஆஃப் பண்ணுங்க, மின்மினி போயிடும்"னுச்சு. தூக்கி இடுப்புல வெச்சப்பதான் என் கால் நடுங்குறது எனக்கே தெரிஞ்சுது.

கொண்டுபோய் விட்டப்ப அவங்கப்பா தட்டோட கறி சுடுற இடத்துல வரிசையில நின்னுட்டு இருந்தார். அம்மா, புள்ள டென்ட்டுக்குள்ள தூங்குதுன்னு நினைச்சிருக்காங்க. விஷயத்தைச் சொன்னதும் அந்தப் பொண்ணு உக்காந்து அழுதுட்டாங்க. அப்பா ஐந்நூறு ரூபாயை எடுத்து என் கையில திணிச்சார். வாங்கலை. அவர் கெட்டவர் இல்லை, என்ன பண்றதுன்னு தெரியலை, அவ்வளவுதான். ஏஜெண்டு மட்டும், "வேலி போட்டிருக்கோமே சார்"னான். வேலின்னு அவன் சொன்னது நாத்துப் பண்ணைக்குக் கட்டுற பச்சை வலை. அதுக்கடியில கோழியே நுழையும்.

அன்னைக்கு மத்தியானம் அதே புள்ள வாய்க்கால்ல இறங்கிச் சேத்துல விளையாடினதுக்கு அவங்கம்மா, "சீ, டர்ட்டி"ன்னு இழுத்து, கையெல்லாம் சானிட்டைசர் ஊத்தித் துடைச்சதை நான் பாத்தேன். இதுதான் எனக்கு ஆறவே மாட்டேங்குது. மண்ணைக் கண்டா பயப்படுறீங்க. மாட்டுச் சாணியைக் கண்டா பயப்படுறீங்க. எங்க கண்ணுக்குட்டி நக்க வந்தா குழந்தையைத் தூக்கித் தோள்ல போட்டுக்கறீங்க. ராத்திரி, தெரியாத காட்டுல, சுவரில்லாத கிணத்துக்கு எண்பதடி தள்ளிப் புள்ளையைத் தூங்க வெச்சுட்டுப் பாட்டுக் கேக்கப் போறீங்க. காசு கட்டியாச்சு, இனி எல்லாம் அவன் பொறுப்புன்னு எப்படிங்க நம்பறீங்க?

எம் பசங்க ரெண்டு பேரும் அதே கிணத்துலதான் நீச்சல் பழகினாங்க. முதுகுல சுரைக்குடுக்கை கட்டி, கயித்தைப் புடிச்சுக்கிட்டு நான் மேல நின்னேன். அதுக்கு முந்தி ஆறு வருசம், கிணத்து மேட்டுப் பக்கம் தனியாப் போனா முதுகுத்தோல் உரிஞ்சிரும்னு சொல்லிச் சொல்லி வளத்தோம். எது பயப்பட வேண்டியது, எது தொட்டு விளையாட வேண்டியதுன்னு ஒரு புள்ளைக்குத் தெரிய ஆறு வருசம் ஆச்சு. உங்க புள்ளைக்கு ஒரு சனிக்கிழமைதான் இருக்கு. அப்ப நீங்கதானே கண்ணா இருக்கணும்?

பாம்பு விஷயமும் சொல்லிடறேன், எந்த ஏஜெண்டும் சொல்ல மாட்டான். டென்ட்டுக்குள்ள சிப்ஸ், பிஸ்கட் சிந்துது. அதைத் தேடி எலி வருது, எலிக்குப் பின்னால அது வருது. கட்டுவிரியன் ராத்திரியிலதான் நடமாடும், தரையில படுத்திருக்கிறவங்களைக் கடிக்கும். கடிச்ச வலியே பல நேரம் தெரியாது, தடமும் இருக்காது. விடியக்காலம் புள்ள வயிறு வலிக்குதுன்னு அழும், கண் இமை தொங்கும். ராத்திரி தின்ன கறி சேரலைன்னு நினைச்சு ஓமத்தண்ணி குடுத்துட்டு இருந்தீங்கன்னா போச்சு. நேரா பெரிய அரசு ஆஸ்பத்திரிக்கு ஓடணும், விஷமுறிவு மருந்து அங்க இருக்கும். மருந்து செய்யற விஷத்தை எடுத்துத் தர்றது வடநெம்மேலியில இருக்கிற இருளர் கூட்டுறவுச் சங்கம், 1978ல ஆரம்பிச்சது. உங்க உசுரைக் காப்பாத்துற அந்த ஜனங்களைப் பத்தி உங்க புள்ளைங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லுங்க, கேம்ப் போனதுக்கு அதாவது பிரயோஜனம்.

யானை இருக்கிற ஊர் இது. 2021 ஜனவரியில வயநாடு மேப்பாடி பக்கம் டென்ட்ல தங்கப் போன பொண்ணு ஒருத்தி யானை தாக்கி இறந்தது பேப்பர்லயே வந்துச்சு. இங்கயும் வாழை வெச்ச தோட்டத்துக்கு அது வந்து போகுது. ஏஜெண்டு அதையும் விளம்பரத்துல போட்டிருக்கான், ஏதோ சலுகை மாதிரி.

எனக்கு ஆன நஷ்டத்தைச் சுருக்கமா சொல்லிடறேன். மாசி மாசம் அவங்க மூட்டின நெருப்பு காஞ்ச மட்டையில பத்தி, என் வேலியோரம் சொட்டுநீர்க் குழாய் அறுபதடி உருகிப் போச்சு. வாய்க்கால்ல உடைஞ்ச பாட்டில் குத்தி மாட்டுக்குக் குளம்பு சீழ் வெச்சு இருபது நாள் பால் போச்சு. நீலகிரியில 2022ல காலி பாட்டிலைத் திருப்பிக் குடுத்தா பத்து ரூபான்னு கொண்டுவந்தாங்களே, அது யானைக் காலுக்காகத்தான். மாட்டுக்காலும் கால்தானுங்க.

வராதீங்கன்னு நான் சொல்லலை. அந்தப் புள்ளைக்கு மின்மினி பாக்கணும்னு ஆசை இருந்துச்சு பாருங்க, அது ஒண்ணுக்காகவே வரலாம். ஆனா அது பாக்க ஸ்பீக்கரும் ஃபோகஸ் லைட்டும் எதுக்கு? ஊருல உங்களுக்குச் சித்தப்பன், மாமன்னு ஒருத்தரும் இல்லாமலா போயிட்டாங்க? அங்க போய்த் திண்ணையில படுங்க. யாரும் இல்லைன்னா, டென்ட்டு போட்ட இடத்துக்குப் பகல்லயே வந்து கிணறு எங்க, வாய்க்கால் எங்க, வழி எங்கன்னு நடந்து பாருங்க. புள்ளையையும் கூட்டிட்டு நடங்க. ராத்திரி கட்டிலோ பெஞ்சோ கேளுங்க, தரையில படுக்க வெக்காதீங்க. ஒருத்தராவது பக்கத்துல முழிச்சிருங்க. சேத்துல விளையாடட்டும், ஒண்ணும் ஆகாது, கழுவினா போயிரும்.

கைப்பிடிச் சுவர் கட்டப் பாதிக்காசு போடுன்னு ஏஜெண்டுகிட்டக் கேட்டேன். ஓனரைக் கேளுங்கங்கறான். ஓனரைக் கேட்டா குத்தகைக்காரனைக் கேளுங்கறார். நேத்து நானும் மருமகனும் வேலிமுள்ளு வெட்டிக் கிணத்தைச் சுத்தி ஆளுயரத்துக்கு அடைச்சிருக்கோம். தண்ணி முறைக்கு மோட்டார் போடப் போறப்ப எங்களுக்கே கை கிழியுது. இதை எழுதறப்ப தெக்கால நாலு கார் வந்து நின்னாச்சு. ஒரு கார்ல பின் சீட்டுல ரெண்டு வாண்டுக தெரியுது. சாப்பிட்டுட்டு டார்ச்சோட கிளம்பணும்.